பன்னிரண்டு வயது வாத்தியார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

அணு என்றவுடன் நம் நினைவுக்கு வரும் முதற்பெயர் ஜான் டால்டன். பள்ளியிலும் சரி, கல்லூரியிலும் சரி, அவர் பெயரைச் சொல்லாமல் வேதியியல் பாடம் தொடங்குவதில்லை. அவருடைய கொள்கையை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் அவர் யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளியில் படித்தார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார், அவர் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

நான் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் கைத்தறி நெய்யும் வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். நம் நூலகத்தில் எடுத்த ஒரு நூலில், டால்டனின் தந்தையும் நெசவாளி என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனேன். போகப் போக, நான் கண்டது ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை மட்டுமன்று. ஒரு கிராமத்து வாத்தியாரின் வாழ்க்கை என்பதை உணர்ந்தேன். அதையே இங்கு மாணவ நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிற்றூரில் பிறப்பு

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், மலைகளும் ஏரிகளும் நிறைந்த கம்பர்லாந்துப் பகுதியில், ஈகிள்ஸ்ஃபீல்டு என்றொரு சிற்றூர். அங்கே 1766-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜான் டால்டன் பிறந்தார். தந்தை ஜோசப் டால்டன் தறி நெய்பவர். சிறிதளவு நிலமும் உண்டு. அவர்கள் குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். எளிய உடை, எளிய பேச்சு, ஆடம்பரமில்லாத வழிபாடு இவையே குவேக்கர்களின் நெறி. பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்தே தீரவேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். ஆனால் அக்காலத்தில் அரசுத் திருச்சபையைச் சேராதவர்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற முடியாது. அறிவு இருந்தும் என்ன? கதவு அடைத்தே இருந்தது. நெசவாளி மகன் ஜானுக்கு வாய்த்த பல்கலைக்கழகம், குவேக்கர்கள் நடத்திய கிராமத்துப் பள்ளிக்கூடம்தான்.

அப்பள்ளியின் ஆசிரியர் ஜான் பிளெட்சர். பையனின் கணித ஆற்றலைக் கண்டுகொண்டு, அவனை அவன் போக்கில் முன்னேற விட்ட நல்லாசிரியர். அதே ஊரில் எலிஹு ராபின்சன் என்ற வசதி படைத்த குவேக்கர் ஒருவரும் இருந்தார். வானிலையைக் குறிப்பெடுப்பதும், கருவிகள் செய்வதும் அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் அல்லர். சம்பளம் வாங்கவும் இல்லை. மாலை வேளைகளில் சிறுவன் ஜானைத் தம் வீட்டுக்கு அழைத்துக் கணக்கும் வானிலையும் சொல்லிக்கொடுத்தார். கடினமான கணக்கைக் கொடுத்துவிட்டு விடை சொல்லாமல் இருந்துவிடுவாராம். பையன் தானே போராடி விடை காண வேண்டும். இப்படி ஒருவர் பள்ளியிலும் ஒருவர் வீட்டிலுமாகச் சேர்ந்து ஒரு மாணவனை உருவாக்கினார்கள்.

மாணவனே ஆசிரியன்

1778-இல் பிளெட்சர் பணியிலிருந்து விலகினார். பள்ளியை யார் நடத்துவது? அப்போது ஜானுக்கு வயது 12. அவனே பள்ளி நடத்தத் தொடங்கினான்! முதலில் ஒரு களஞ்சியத்தில், பிறகு குவேக்கர்கள் கூடும் மண்டபத்தில் வகுப்பு நடந்தது. நாம் ஏழாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதில் அவன் ஆசிரியர் இடத்தில் நின்றான்.

மாணவர்கள் யார்? மடியில் தூக்கி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய மழலைகள் ஒரு புறம். ஆசிரியனைவிட நான்கைந்து வயது மூத்த பிள்ளைகள் மறுபுறம். பெரிய பையன்கள் இந்தச் சின்ன வாத்தியாருக்கு அடங்குவார்களா? அவன் கண்டித்தபோது, கல்லறைத் தோட்டத்துக்கு வா, சண்டை போட்டுப் பார்க்கலாம் என்று அறைகூவல் விடுத்தார்களாம். இருந்தும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பள்ளி நடந்தது. பிறகு அது நின்றுபோக, ஜான் வயல் வேலைக்குப் போனான்.

இங்கேதான் நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று யோசித்தேன். எத்தனை கிராமத்துப் பிள்ளைகளின் கல்வி இந்த இடத்தில் முடிந்துபோகிறது! என்னோடு பத்தாம் வகுப்புவரை படித்து, என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்ட ஒருவன் இன்று தறியில் இருக்கிறான். தறியில் இருப்பது இழிவன்று. அந்தத் தறிதான் எனக்குச் சோறு போட்டது. ஆனால் அவனுக்கு வேறு வழி இருப்பதாக ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் என் வருத்தம். டால்டனுக்குச் சொல்ல ஆள் இருந்தது. அதுதான் வேறுபாடு.

கண்ணில்லாத ஆசான்

1781-இல், 15 வயதில், ஜான் ஏறத்தாழ 40 மைல் தொலைவிலிருந்த கெண்டல் என்னும் ஊருக்குப் போனார். அங்கே அவர் உறவினர் ஒருவர் குவேக்கர் பள்ளியொன்றை நடத்திவந்தார். அண்ணன் ஜோனத்தன் ஏற்கனவே அங்கே உதவி ஆசிரியர். ஜானும் சேர்ந்துகொண்டார். 1785-இல் உறவினர் ஓய்வுபெற, சகோதரர்கள் இருவருமே பள்ளியை ஏற்று நடத்தினர்.

அந்தக் கெண்டலில்தான் டால்டனின் வாழ்க்கையை மாற்றிய மனிதர் இருந்தார். அவர் பெயர் ஜான் காஃப். மூன்று வயது நிறைவதற்குள் அம்மையில் இரு கண்களையும் இழந்தவர். ஆனால் தொட்டும், முகர்ந்தும், சுவைத்தும் சுற்றுவட்டாரத்துச் செடிகொடிகளை அடையாளம் சொல்லிவிடுவாராம். இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு மொழிகளிலும் கணிதத்திலும் தேர்ந்தவர். வோர்ட்ஸ்வொர்த் என்னும் பெருங்கவிஞர் தம் நெடுங்கவிதை ஒன்றில் இவரைப் போற்றியிருக்கிறார்.

காஃப் தமக்குத் தெரிந்ததையெல்லாம் டால்டனுக்குக் கற்றுக்கொடுத்தார். தம் நூலகத்தையும் கருவிகளையும் அவருக்குத் திறந்துவிட்டார். டால்டனோ அவருக்குப் படித்துக் காட்டினார், எழுதிக் கொடுத்தார். ஒருவருக்குக் கண் இல்லை. மற்றவருக்குக் கல்லூரி இல்லை. ஒருவர் குறையை மற்றவர் நிறைத்தனர். ஆசிரியர் கொடுப்பவர், மாணவர் வாங்குபவர் என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். இங்கே இருவரும் கொடுத்தார்கள், இருவரும் வாங்கினார்கள்.

நாள்தோறும் வானிலையைக் குறித்துவை என்று காஃப் டால்டனைத் தூண்டினார். 1787 மார்ச் 24-ஆம் நாள் அந்த நாட்குறிப்பு தொடங்கியது. வெப்பநிலை, காற்றழுத்தம், மழையளவு, காற்று வீசும் திசை என்று நாள் தவறாமல் எழுதிவந்தார். ஆசிரியர் ஒருநாள் சொன்னதை மாணவர் 57 ஆண்டுகள் செய்தார் என்றால் நம்ப முடிகிறதா?

1790 வாக்கில் டால்டனுக்கு மருத்துவமோ சட்டமோ படிக்க ஆசை எழுந்தது. உறவினர்கள் ஊக்கம் தரவில்லை. அவரவர் நிலைக்கேற்ப ஆசைப்பட வேண்டும் என்பது உலகெங்கும் உறவினர் சொல்லும் அறிவுரை போலும்! பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அதே பேச்சுத்தான் நடந்தது. டால்டனைத் தாங்கிப்பிடித்தவர் காஃப். 1793-இல் மான்செஸ்டர் நகரின் புதுக்கல்லூரியில் கணிதமும் இயற்கை விஞ்ஞானமும் கற்பிக்கும் பணி அவருடைய பரிந்துரையால்தான் கிடைத்தது. அதே ஆண்டில் டால்டன் வெளியிட்ட வானிலை பற்றிய முதல் நூலின் முன்னுரையில் காஃபுக்கு நன்றி பாராட்டினார்.

மழைமானியிலிருந்து அணுவுக்கு

மழையை அளந்தவர் எப்படி அணுவை எடைபோட வந்தார் என்று நீங்கள் கேட்கலாம். அது தற்செயல் அன்று, படிப்படியாக வந்தது. வானிலையை ஆராய்ந்தவர் காற்றை ஆராய்ந்தார். காற்றில் நீராவி எவ்வாறு கலந்திருக்கிறது? கனமான வாயு அடியிலும் இலேசான வாயு மேலுமாகப் பிரிந்து நிற்காமல், எல்லாம் ஒன்றாய்க் கலந்திருப்பது ஏன்? கலவையில் உள்ள ஒவ்வொரு வாயுவும் தான் மட்டும் தனித்திருந்தால் எவ்வளவு அழுத்தம் தருமோ அவ்வளவே தருகிறது என்று 1801-இல் கண்டார். நாம் படிக்கும் பகுதி அழுத்த விதி இதுவே. பிறகு, வாயுக்கள் நீரில் வெவ்வேறு அளவு கரைவதேன் என்று வினவினார். அவற்றின் நுண்துகள்கள் வெவ்வேறு எடை உடையனவோ என்ற எண்ணம் எழுந்தது. 1803-இல் அணுக்களின் ஒப்பு எடைகளை முதன்முதலாகப் பட்டியலிட்டார். 1808-இல் அவருடைய வேதியியல் தத்துவ நூலின் முதற்பகுதி வெளிவந்தது.

குட்டையைக் கிளறிச் சதுப்பு வாயுவைச் சீசாவில் பிடித்து ஆராய்ந்தவர் டால்டன். அதே அளவு கார்பனுக்கு, எத்திலீனில் உள்ளதைப்போல் இருமடங்கு ஹைட்ரஜன் மீத்தேனில் இருப்பதைக் கண்டார். மடங்கு விகித விதிக்கு இது சான்றாயிற்று. மான்செஸ்டர் நகர மண்டபச் சுவரில் ஃபோர்டு மேடாக்ஸ் பிரவுன் என்ற ஓவியர் இக்காட்சியைத் தீட்டியிருக்கிறார். டால்டன் கோலால் குட்டையைக் கிளறுகிறார். ஒரு கிராமத்துப் பையன் சீசாவில் வாயுவைப் பிடிக்கிறான். குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடம் என்பது நான்கு சுவர்களுக்குள் மட்டுமா இருக்கிறது?

நான் படித்த பள்ளியில் அறிவியல் சாமான்கள் ஓர் அலமாரியில் பூட்டியே கிடந்தன. கண்ணாடி வழியே பார்ப்போம், தொட்டதில்லை. பிப்பெட்டை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தது இக்கல்லூரியில்தான். ஆனால் அதே பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் வந்தார். அவர் என்னை வீட்டிலிருந்து தறியின் நாடாவைக் கொண்டுவரச் சொன்னார். அதை மேசைமேல் தள்ளிக் காட்டி உராய்வையும் உந்தத்தையும் விளக்கினார். நாடா ஏன் வழவழப்பாக இருக்கிறது, தார் தீரத் தீர அதன் ஓட்டம் ஏன் மாறுகிறது என்று என்னையே வகுப்புக்குச் சொல்லச் செய்தார். அன்றுவரை தறி வீட்டுப் பையன் என்பதைச் சொல்லத் தயங்கியிருந்தேன். அந்த ஒரு பாடவேளையில் அத்தயக்கம் போயிற்று. விஞ்ஞானம் எங்கள் வீட்டுக்குள்ளும் இருக்கிறது என்பதை அவர் காட்டினார். ராபின்சனையும் காஃபையும் பற்றிப் படித்தபோது அவர் முகந்தான் என் முன் நின்றது.

ஆசானோடு ஒரு வாதம்

டால்டன் வாழ்வில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. கலந்த வாயுக்கள் பற்றிய அவர் கொள்கை வெளிவந்தபோது அதை எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அவருடைய ஆசான் காஃப்தான்! தம் மறுப்பைக் காஃப் கட்டுரையாக எழுதினார், அச்சிலும் வந்தது. டால்டன் அதற்கு விடை எழுதினார். அதுவும் அச்சில் வந்தது. குரு சொன்னதை மறுக்கிறானே என்று உலகம் பழிக்கவில்லை. மாணவன் வளர்ந்துவிட்டானே என்று ஆசான் வாய்மூடவும் இல்லை. உண்மை எது என்பதே இருவருக்கும் முக்கியமாக இருந்தது. வாயுக்களின் பகுதி அழுத்தத்தைப் பொறுத்தவரை மாணவர் சொன்ன விதிதான் இன்று நம் பாடநூலில் நிற்கிறது.

நம் ஊர் வகுப்பறைகளில் இது நடக்குமா? ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் பெரியவர் முன் உட்காரத் தயங்குகிறோம். வகுப்பில் எழுந்து நின்று கேட்கத் தயங்குகிறோம். மரியாதை வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மரியாதை வேறு, வாய்மூடி இருப்பது வேறு. காஃபைக் கடைசிவரை மதித்தவர் டால்டன். ஆயினும் தவறென்று பட்டதை ஒப்புக்கொள்ளவில்லை. இவ்விரண்டும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதை நான் இவர்களிடம் கற்றேன்.

டால்டன் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்பதும் இல்லை. நீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்றே கொண்டார்; அதனால் ஆக்சிஜனின் எடையை 1808-இல் 7 என்று குறித்தார். கே-லுசாக்கின் பரும விதியை அவர் ஏற்கவில்லை. பெர்சீலியஸ் எழுத்துக்களால் குறியீடு அமைத்தபோது, தம் வட்டக் குறியீடுகளை விட மறுத்தார். காஃபோடு வாதிட்டவரே பிறருடைய வாதத்துக்குச் செவிசாய்க்கவில்லை. கேள்வி கேட்பதைவிடக் கேள்விக்கு இடம் கொடுப்பது கடினம் போலும்.

கடைசிவரை வாத்தியார்

மான்செஸ்டர் புதுக்கல்லூரியிலிருந்து 1800-இல் விலகிய பின், டால்டன் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தார். உலகப் புகழ் வந்த பின்னும் அதை விடவில்லை. பெல்லத்தியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அவரைக் காண மான்செஸ்டர் வந்தாராம். பெரிய மாளிகையையும் நூற்றுக்கணக்கான மாணவர்களையும் எதிர்பார்த்து வந்தவர், சந்துக்குள் இருந்த எளிய கட்டடத்தில் ஒரு முதியவர் சிறுவன் ஒருவனின் கணக்கைத் திருத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். டால்டன் எங்கே என்று கேட்க, அந்த முதியவரே டால்டன். பையனின் கணக்கு முடியும்வரை சற்று உட்காருங்கள் என்று அவர் விருந்தினரை வேண்டிக்கொண்டாராம். அறிஞரைக் காக்க வைக்கலாம். கணக்கில் சிக்கிக்கொண்ட சிறுவனைக் காக்க வைக்கலாகாது!

டால்டன் நல்ல பேச்சாளர் அல்லர். குரல் கரகரப்பானது, மேடையில் கவர்ச்சி கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அணுவை மாணவர் மனத்தில் பதிக்க என்ன செய்தார் தெரியுமா? பீட்டர் யூவார்ட் என்ற பொறியாளர் செய்து தந்த மர உருண்டைகளைத் துளையிட்டு ஆணியால் இணைத்துக் காட்டினார். இன்று நம் வகுப்பில் காட்டப்படும் பந்து, குச்சி மாதிரிகளுக்கு அவையே முன்னோடி.

1834-இல் சாராயத் தொழில் நடத்திய ஒருவரின் மகன்கள் இருவர் அவரிடம் படிக்க வந்தனர். எடுத்த எடுப்பில் வேதியியல் கற்பிக்கவில்லை; முதலில் கணிதத்தில் அடித்தளம் இட்டார். 1837-இல் பக்கவாதம் தாக்கியதால் அவர் பாடம் நின்றது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். ஆற்றலின் அலகு ஜூல். அணுநிறையின் அலகு டால்டன். ஆசிரியர், மாணவர் இருவர் பெயரும் அளவைகளாக நிற்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவருக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபாடு தெரியாது. அக்குறையை மறைக்காமல் 1794-இல் ஆய்வுக் கட்டுரையாகவே படித்தார். காரணம் அறிய, தாம் இறந்த பின் கண்ணைச் சோதிக்குமாறு சொல்லிவைத்தார். அன்று விடை கிடைக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட அக்கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்தபோது, பச்சை ஒளியை உணரும் நிறமி அவரிடம் இல்லை என்பது தெளிவாயிற்று. இறந்து 150 ஆண்டுகளுக்குப் பின்னும் பாடம் சொன்ன வாத்தியார் அவர்!

1832-இல், அவர் போன்றோருக்குக் கதவடைத்திருந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமே அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. 1844 ஜூலை 26-ஆம் நாள் இரவு, நடுங்கும் கையால் அன்றைய சிறு மழையையும் நாட்குறிப்பில் பதிந்தார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. 57 ஆண்டுகளில் அவர் எடுத்த குறிப்புகள் 2,00,000-க்கும் மேல். மான்செஸ்டர் நகர மண்டபத்தில் வைக்கப்பட்ட அவர் உடலுக்கு 40,000-க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று இறுதி வணக்கம் செலுத்தினர்.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! நம்மில் பலர் பட்டம் பெற்றதும் பி.எட். படித்து ஆசிரியர் ஆவோம். பெரும்பாலும் நமக்குக் கிராமத்துப் பள்ளிகளே கிடைக்கும். அங்கே ஆய்வுக்கூடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அலமாரி பூட்டியிருந்தால் திறப்போம். சாமான் இல்லையென்றால் பிள்ளைகளின் வீட்டிலிருந்தே வரவழைப்போம். உழவன் வீட்டில் ஏற்றம் இருக்கும், குயவர் வீட்டில் சக்கரம் இருக்கும், எங்கள் வீட்டில் தறி இருக்கும். அவையெல்லாம் விஞ்ஞானக் கருவிகள் அல்லவா? கடைசி பெஞ்சுப் பையன் ஒரு கேள்வி கேட்டால், அது நம்மை மறுப்பதாக இருந்தாலும், உட்கார் என்று சொல்லாதிருப்போம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரு புனல், நேரான சுவருள்ள ஒரு சீசா, ஓர் அளவுகோல் இவை போதும், மழைமானி செய்துவிடலாம். நம் விடுதி மொட்டை மாடியில் ஒன்று வைத்து இவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையைக் குறிக்க நாங்கள் மூவர் முடிவு செய்திருக்கிறோம். அந்தக் குறிப்பேட்டை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைப்போம். எங்கள் கணக்கில் தவறு கண்டால் அவர்கள் தாராளமாகத் திருத்தட்டும்; நாங்கள் மகிழ்வோம்.